ஃபேண்டம் ஆஃப் சைனாடவுன்: 62 நிமிடத் துப்பறியும் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹாலிவுட் துப்பறியும் படங்களில் எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தப் படத்தைத்தான். பெயரைக் கேட்டதும் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். பேய்ப் படமா? பெரிய கம்பெனி எடுத்ததா? யார் ஹீரோ? அந்தக் கேள்விகளையெல்லாம் சேர்த்து, கொஞ்சம் விரிவாகவே இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கொலையாளி யார் என்பதை எந்த இடத்திலும் சொல்லவில்லை. பயமில்லாமல் படிக்கலாம்.

இது என்ன படம்? யார் எடுத்தது?

1940-ம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவில் வெளியான கறுப்பு வெள்ளைப் படம். தயாரித்தது மோனோகிராம் பிக்சர்ஸ் என்ற சின்னக் கம்பெனி. இயக்குநர் பில் ரோசன், தயாரிப்பாளர் பால் மால்வெர்ன். திரைக்கதை ஜார்ஜ் வாக்னர், 'ஜோசப் வெஸ்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். இதே வாக்னர்தான் அடுத்த வருடம் யுனிவர்சலுக்காக 'தி உல்ஃப் மேன்' படத்தை இயக்கினார். ஓநாய் மனிதன் என்றால் இன்றைக்கும் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிற படம் அது.

பில் ரோசனையும் சும்மா தாண்டிப் போக முடியாது. அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கம் 1919-ல் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர். ஊமைப்பட காலத்தில் பெரிய நட்சத்திரங்களை வைத்துப் படம் எடுத்தவர். பேசும் படம் வந்த பிறகு வாய்ப்புகள் சுருங்கிச் சின்னக் கம்பெனிகளுக்கு வந்து சேர்ந்தார். குறைந்த நாட்களில், இருக்கிற விளக்குகளை வைத்து ஒரு படத்தை முடிப்பது எப்படி என்று இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் தெரியும்.

தலைப்பில் பேய் இருக்கிறதே, பேய்ப் படமா?

இல்லை. 'ஃபேண்டம்' என்றால் மாயாவி, ஆவி என்று பொருள். படத்தில் ஆவியும் கிடையாது, மாயமும் கிடையாது. தியேட்டர் வாசலில் போஸ்டரைப் பார்த்து ஆள் உள்ளே வர வேண்டும் என்பதற்காக வைத்த பெயர். சுத்தமான துப்பறியும் கதை.

கதை என்ன?

சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழக அரங்கம். டாக்டர் பெண்டன் என்ற தொல்லியல் அறிஞர் மங்கோலியப் பாலைவனத்துக்குப் போய், மிங் வம்சத்துப் பேரரசர் ஒருவரின் கல்லறையைக் கண்டுபிடித்துத் திரும்பியிருக்கிறார். அந்தப் பயணத்தில் எடுத்த படச்சுருளை அரங்கில் ஓட்டிக்கொண்டே விளக்கம் சொல்கிறார். பாலைவனம், மணற்புயல், கல்லறை திறக்கும் காட்சி எல்லாம் திரையில் போகின்றன. நடுவில் தொண்டை வறண்டு, மேசையில் இருக்கும் தண்ணீரை எடுத்துக் குடிக்கிறார். சுருண்டு விழுகிறார். சாகும்போது அவர் வாயிலிருந்து வருவது 'நித்திய நெருப்பு' என்ற சொல்.

கூட்டத்தில் இருந்த மாணவர்களில் ஒருவர் ஜிம்மி வாங், வேடம் கீ லூக். தண்ணீரில் விஷம் இருந்தது என்பதைச் சுறுசுறுப்பாகக் கண்டுபிடிப்பவர் அவர்தான். விசாரணைக்கு வருகிற போலீஸ் அதிகாரி கேப்டன் ஸ்ட்ரீட், வேடம் கிராண்ட் விதர்ஸ். முதலில் ஜிம்மியையே சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார். அப்புறம் இருவரும் சேர்ந்து தேடுகிறார்கள். கல்லறையிலிருந்து எடுத்து வந்த ஒரு சுருள் ஓலை காணாமல் போயிருக்கிறது. அறிஞரின் செயலாளர் வின் லென் எதையோ மறைக்கிறார். அறிஞரின் வீட்டுப் பணியாள் இன்னொரு கொலைக்குப் பலியாகிறான். பாலைவனத்தில் இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஒருவரைப் பற்றியும் கேள்வி எழுகிறது.

தொடக்கக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மங்கோலியாவுக்குப் போக மோனோகிராமிடம் காசில்லை. ஆனால் கதை மங்கோலியாவில்தான் பிறக்கிறது. ஒரு விரிவுரை, ஒரு திரை, ஒரு புரொஜெக்டர் என்று வைத்துப் பாலைவனத்தையே அரங்குக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பாத்திரங்கள் யார், பயணத்தில் என்ன நடந்தது, என்ன கிடைத்தது எல்லாமே சில நிமிடங்களில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அரங்கம் இருட்டாக இருப்பதால் கொலையும் அங்கேயே நடக்க முடிகிறது. கையில் காசு இல்லாதபோது மூளை எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கதாநாயகன் யார்? கீ லூக் என்ற பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதே?

கேட்டிருப்பீர்கள், அல்லது பார்த்திருப்பீர்கள். 1984-ல் வந்த 'கிரெம்லின்ஸ்' படத்தில் அந்தக் குட்டிப் பிராணியை விற்க மாட்டேன் என்று சொல்லும் முதிய சீனக் கடைக்காரர் நினைவிருக்கிறதா? அவர்தான். எழுபதுகளில் வந்த 'குங்ஃபூ' தொடரில் கண் பார்வையில்லாத குரு போவும் அவரே.

1904-ல் சீனாவின் குவாங்சோவில் பிறந்து, அமெரிக்காவின் சியாட்டிலில் வளர்ந்தவர். நடிக்க வருவதற்கு முன் நல்ல ஓவியர். ஹாலிவுட்டின் புகழ்பெற்ற சைனீஸ் தியேட்டரில் சுவரோவிய வேலை செய்திருக்கிறார். 1933-ல் வந்த 'கிங் காங்' படத்தின் விளம்பரப் புத்தகத்துக்கும் வரைந்திருக்கிறார். 1934-ல் கிரேட்டா கார்போ நடித்த ஒரு படத்தில் சின்ன வேடம் கிடைத்தது. அடுத்த வருடம் 'சார்லி சான் இன் பாரிஸ்' படத்தில் துப்பறிவாளர் சார்லி சானின் மூத்த மகன் லீயாக வந்தார். அப்பாவை 'பாப்' என்று கூப்பிட்டுக்கொண்டு, ஆர்வக்கோளாறில் ஏதாவது குளறுபடி செய்யும் துறுதுறு பையன். ரசிகர்களுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது.

சீனத் துப்பறிவாளராகச் சீனர் நடிக்கிறார். இதில் என்ன அதிசயம்?

இந்தப் பக்கத்தையே எழுத வைத்த கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

முப்பதுகளில் அமெரிக்கத் திரையில் ஆசியத் துப்பறிவாளர்களுக்கு நல்ல மவுசு. மூன்று பேர் முக்கியமானவர்கள். சார்லி சான், மிஸ்டர் மோட்டோ, மிஸ்டர் வாங். சார்லி சானாக நடித்த வார்னர் ஓலாண்ட் ஸ்வீடனில் பிறந்தவர். அவருக்குப் பின் வந்த சிட்னி டோலர் மிசூரி மாநிலத்தவர். அவருக்கும் பின் வந்த ரோலண்ட் வின்டர்ஸ் பாஸ்டன்காரர். ஜப்பானியரான மோட்டோவாக நடித்த பீட்டர் லோரி அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியில் பிறந்தவர். மிஸ்டர் வாங்காக நடித்தவர் ஆங்கிலேயரான போரிஸ் கார்லாஃப். அதாவது மூன்று ஆசியப் பாத்திரங்களிலும் வெள்ளை நடிகர்கள்தான். பக்கத்தில் மகனாக, வேலைக்காரனாக, சந்தேகத்துக்குரியவனாக நிற்பவர்கள் மட்டும் உண்மையான ஆசியர்கள்.

பெரிய படங்களிலும் இதே கதைதான். சீன விவசாயக் குடும்பத்தின் கதையான 'தி குட் எர்த்' 1937-ல் வந்தது. எம்ஜிஎம் எடுத்தது. அதில் நாயகி வேடம் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங்குக்குக் கிடைக்கவில்லை. லூயிஸ் ரைனர் நடித்தார், அதற்காக ஆஸ்கரும் வாங்கினார். கீ லூக் அந்தப் படத்தில் மூத்த மகனாக வருகிறார். அங்கேயும் மகன்தான்.

வெளியே நாட்டு நிலைமை என்ன? 1882-ல் வந்த சீனர் விலக்குச் சட்டம் 1940-லும் அமலில் இருந்தது. சீனாவில் பிறந்த ஒருவர் அமெரிக்காவில் எத்தனை வருடம் வாழ்ந்தாலும் விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்க முடியாது. அந்தச் சட்டம் 1943 டிசம்பரில்தான் ரத்தானது. அதற்குப் பிறகும் வருடத்துக்கு 105 பேர் என்றுதான் ஒதுக்கீடு. இந்தப் படத்தின் கதை நடக்கும் அதே சான் பிரான்சிஸ்கோவின் விரிகுடாவில் ஏஞ்சல் தீவு இருக்கிறது. கப்பலில் வந்த சீனர்களை வாரக்கணக்கில், சிலரை மாதக்கணக்கில் அடைத்து வைத்து விசாரித்த இடம் அது. சிலர் மரச்சுவரில் கவிதைகளைச் செதுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அந்த நிலையம் மூடப்பட்டதும் 1940 நவம்பரில்தான்.

இந்தச் சூழலில் ஒரு சீன அமெரிக்கர் திரையின் நடுவில் நின்று, போலீஸ் அதிகாரிக்குப் பாடம் எடுக்கிறார். சாதாரண அமெரிக்க இளைஞன் பேசுகிற மாதிரி சரளமாக ஆங்கிலம் பேசுகிறார். பழமொழி உதிர்ப்பதில்லை. குனிந்து வணங்கி நிற்பதில்லை. நல்ல கோட்டு சூட்டு போட்டு, தலையைப் படிய வாரி, கலகலவென்று பேசிக்கொண்டு கொலையாளியைத் தேடுகிறார். இதைச் செய்தது எம்ஜிஎம் இல்லை, ஃபாக்ஸ் இல்லை. காசில்லாத மோனோகிராம்.

அப்படியென்றால் ஆசியத் துப்பறிவாளராக நடித்த முதல் ஆசியர் கீ லூக்தானா?

அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. நான் கொஞ்சம் அடக்கித்தான் சொல்வேன். ஊமைப்பட காலத்திலேயே சார்லி சானாக ஜார்ஜ் குவா, காமியாமா சோஜின் என்ற ஜப்பானிய நடிகர்கள் நடித்திருக்கிறார்கள். 1937-ல் பாரமவுண்ட் எடுத்த 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்' படத்தில் கொரிய அமெரிக்கரான பிலிப் ஆன் அரசாங்கப் புலனாய்வாளராக வருகிறார். அதில் நாயகி அன்னா மே வாங். அதுவும் குறைந்த செலவில் எடுத்த படம்தான்.

ஆனால் பேசும் பட காலத்தில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு சீனத் துப்பறிவாளர் வரிசையில், வெள்ளை நடிகர் நடித்த அதே நாயக வேடத்தைச் சீனர் ஒருவரிடம் கொடுத்தது இந்தப் படம். அந்தப் பெருமையை யாரும் பிடுங்க முடியாது.

மிஸ்டர் வாங் வரிசை என்றால் என்ன? கார்லாஃப் எங்கே போனார்?

ஹியூ வைலி என்ற எழுத்தாளர் 'காலியர்ஸ்' பத்திரிகையில் ஜேம்ஸ் லீ வாங் என்ற சீன அமெரிக்கத் துப்பறிவாளரை வைத்துச் சிறுகதைகள் எழுதினார் (ஜேம்ஸைச் செல்லமாகக் கூப்பிடுவதுதான் ஜிம்மி). ஃபாக்ஸ் கம்பெனி சார்லி சானை வைத்து நல்ல வசூல் பார்ப்பதைக் கவனித்த மோனோகிராம், இந்தக் கதைகளை வாங்கியது. 1931-ல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் பூதமாக நடித்து உலகப் புகழ் பெற்ற கார்லாஃபை வாங் ஆக்கியது. 1938-ல் தொடங்கி 1940-க்குள் ஐந்து படங்கள். ஐந்தையும் இயக்கியவர் வில்லியம் நை.

மோனோகிராமுக்கு கார்லாஃப் அடுத்து நடித்துக் கொடுத்தது 'தி ஏப்' என்ற திகில் படம். அதோடு அந்தக் கம்பெனிக்கு அவர் விடை கொடுத்துவிட்டார். 1941 ஜனவரியில் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கே போய்விட்டார். நாற்காலி காலியானது. மோனோகிராம் வேறொரு வெள்ளை நடிகரைத் தேடியிருக்கலாம். தேடவில்லை. கீ லூக்கைக் கூப்பிட்டது.

வயது வித்தியாசத்தைச் சமாளிக்கக் கதையையும் மாற்றினார்கள். கார்லாஃபின் வாங் மெத்தப் படித்த, அடக்கமான, நடுத்தர வயதுக் கனவான். கீ லூக்கின் வாங் மாணவன். கேப்டன் ஸ்ட்ரீட்டும் அவரும் இந்தப் படத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். அதனால் இதை முந்தைய ஐந்து படங்களுக்கும் முன்கதையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஐந்தையும் பார்த்துவிட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டுமா?

தேவையில்லை. நேராக இதிலிருந்தே ஆரம்பிக்கலாம். பிடித்திருந்தால் 1938-ல் வந்த முதல் படமான 'மிஸ்டர் வாங், டிடெக்டிவ்' பாருங்கள். கண்ணாடி உருண்டைக்குள் விஷ வாயு, அது எப்போது உடைகிறது, எதனால் உடைகிறது என்பதுதான் மர்மம். அறிவியல் கணக்கில் எவ்வளவு தேறும் என்று கேட்காதீர்கள், யோசனை அபாரம்.

பி படம் என்கிறார்கள். அப்படியென்றால் மட்டமான படமா?

தமிழில் 'பி கிரேடு' என்ற சொல்லுக்கு வேறு ஒரு வாடை வந்துவிட்டது. அதை இங்கே மறந்துவிடுங்கள். ஹாலிவுட்டில் பி படம் என்பது முதலில் தரத்தைக் குறித்த சொல் அல்ல, வரிசையைக் குறித்த சொல்.

முப்பதுகளின் பொருளாதார வீழ்ச்சியில் தியேட்டர்களுக்குக் கூட்டம் குறைந்தது. ஆட்களை இழுக்க ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் என்ற முறை பரவியது. பெரிய நட்சத்திரம் நடித்த பெரிய படம் ஒன்று, கூடவே ஒரு மணி நேரத்துச் சின்னப் படம் ஒன்று. அந்தச் சின்னதுதான் பி படம். பெரிய படத்துக்கு வசூலில் பங்கு, சின்னப் படத்துக்கு இவ்வளவு என்று பேசி முடித்த வாடகை. இந்த வாடகைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. படம் பிரமாதமாக இருந்தாலும் அதே தொகை, சுமாராக இருந்தாலும் அதே தொகை. வருமானம் முன்கூட்டியே தெரியும் என்பதால், லாபம் வேண்டுமென்றால் செலவைக் குறைப்பது ஒன்றே வழி.

பெரிய கம்பெனிகளிலும் பி பிரிவு இருந்தது. பெரிய படம் எதுவும் இல்லாமல் பி படம் மட்டுமே எடுத்துப் பிழைத்த சின்னக் கம்பெனிகள் ஹாலிவுட்டின் கோவர் தெருப் பக்கம் கூடியிருந்தன. அந்த வட்டாரத்துக்கே 'பாவர்ட்டி ரோ', அதாவது வறுமைத் தெரு என்று பெயர் வைத்துவிட்டார்கள். மோனோகிராம் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

மோனோகிராம் எப்படிப்பட்ட கம்பெனி?

1931-ல் ரே ஜான்ஸ்டன் தொடங்கியது. 1935-ல் வேறு சில கம்பெனிகளோடு சேர்த்து ரிபப்ளிக் என்ற நிறுவனத்துக்குள் கரைந்தது. ஒத்துவரவில்லை. 1937-ல் திரும்பவும் தனியாக எழுந்து நின்றது. ஜான் வெய்ன் பெரிய நட்சத்திரமாகும் முன் குதிரைமேல் வந்த பல கௌபாய் படங்களை வெளியிட்டது இந்தக் கம்பெனிதான். அவற்றைத் தயாரித்தவர் நம் பால் மால்வெர்ன்தான்.

எதையும் வீணாக்க மாட்டார்கள். செட்டை மட்டுமல்ல, கதையையும்கூட. 1939-ல் வந்த 'மிஸ்டர் வாங் இன் சைனாடவுன்' படத்தின் கதையைத் தூசி தட்டி, 1947-ல் 'தி சைனீஸ் ரிங்' என்ற சார்லி சான் படமாக எடுத்துவிட்டார்கள். ஆமாம், சார்லி சானும் கடைசியில் மோனோகிராமிடமே வந்து சேர்ந்தார். 1942-ல் ஃபாக்ஸ் அந்த வரிசையைக் கைவிட்டது. சிட்னி டோலர் உரிமையை வாங்கிக்கொண்டு மோனோகிராமுக்கு வந்தார். 1944-லிருந்து 1949 வரை அங்கே 17 சான் படங்கள் வந்தன.

பிற்பாடு பிரெஞ்சு இயக்குநர் ழான்-லுக் கோதார் தன் முதல் முழுநீளப் படமான 'பிரெத்லெஸ்'ஸை 1960-ல் வெளியிட்டபோது, அதை மோனோகிராம் பிக்சர்ஸுக்குச் சமர்ப்பணம் செய்தார். உலக சினிமாவையே திருப்பிப் போட்ட படம், வறுமைத் தெருக் கம்பெனிக்குச் சமர்ப்பணம்.

படத்தில் தவறவிடக் கூடாத இடம் எது?

அந்தக் கல்லறைப் பேச்சு. டாக்டர் பெண்டனின் வீட்டில் பேரரசரின் சவப்பெட்டி கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு கேப்டன் ஸ்ட்ரீட்டிடம் ஜிம்மி ஒரு கேள்வி போடுகிறார். சீனத் தொல்லியலாளர்கள் இங்கே வந்து ஜார்ஜ் வாஷிங்டனின் உடலைத் தோண்டி எடுத்துப் போனால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்கிற கருத்தில்.

குரலை உயர்த்துவதில்லை. சும்மா பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ஸ்ட்ரீட்டிடம் பதில் இல்லை, கதை அடுத்த தடயத்துக்கு நகர்ந்துவிடுகிறது. நான் முதல் தடவை பார்த்தபோது அந்த இடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, திரும்பக் கேட்டேன். 1940-ல், மியூசியங்கள் உலகம் முழுவதிலிருந்தும் பொருட்களை அள்ளிக் குவித்துக்கொண்டிருந்த காலத்தில், இன்னொருவர் கல்லறையைத் தோண்ட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று ஒரு சீனர் அமெரிக்கத் திரையில் கேட்கிறார். பெரிய படமாக இருந்தால் இந்த வசனத்தை எத்தனை பேர் உட்கார்ந்து படித்து வெட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொன்று, அந்த 'நித்திய நெருப்பு'. இதைப் படத்திலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அது சாபமும் இல்லை, மந்திரமும் இல்லை. பூமிக்கடியில் இருக்கும் எண்ணெய் வளம். 1937-லிருந்து சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. எண்ணெய் யார் கைக்குப் போகிறது என்பது உயிர்ப் பிரச்சினை. பழைய கல்லறைக் கதை போலத் தொடங்கி, அன்றைய செய்தித்தாளில் வந்து முடிகிறது.

வின் லென்னாக நடித்தவர் யார்?

லோட்டஸ் லாங். பெயரைப் பார்த்துச் சீனர் என்று நினைப்போம். அவர் ஜப்பானிய, ஹவாய் வம்சாவளியில் வந்த அமெரிக்கர். கார்லாஃப் நடித்த ஐந்து வாங் படங்களில் இரண்டில் வேறு வேடங்களில் வந்திருக்கிறார், அவற்றில் ஒன்றில் பணிப்பெண். இதில் அவருக்குக் கிடைத்திருப்பது மூளையுள்ள, தன் மனதில் ஒரு கணக்கு வைத்திருக்கிற பெண்ணின் வேடம். ஜிம்மியும் அவரும் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் அளக்கும் காட்சிகள்தான் படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தவை. இரண்டு ஆசிய நடிகர்கள், நடுவில் வேலைக்காரத் தோரணை இல்லாமல், சமமாக நின்று பேசுகிறார்கள். அந்தக் காலப் படங்களில் இதை எத்தனை தடவை பார்க்க முடியும்? அன்றைய தணிக்கை விதி வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே காதல் காட்டக் கூடாது என்றது. ஸ்டூடியோக்கள் நடைமுறையில் அதை ஆசியர்களுக்கும் நீட்டிக்கொண்டன. நாயகன் வெள்ளையர் என்றால் ஆசிய நடிகைக்கு நாயகி வேடம் கிடைக்காமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நாயகனே ஆசியர் ஆனதும் அந்தப் பூட்டு தானாகத் திறந்துவிட்டது.

குறையே இல்லையா?

இருக்கிறது. வசனம் பேசும்போது கேமரா பெரும்பாலும் நட்டு வைத்த மாதிரி நிற்கிறது. சண்டைக் காட்சி அவசரமாக முடிகிறது. ஸ்ட்ரீட்டைச் சில இடங்களில் தேவைக்கு மேல் மந்தமாகக் காட்டியிருக்கிறார்கள். சைனாடவுன் என்று பெயர் வைத்துவிட்டு, அந்தத் தெருக்களையும் மனிதர்களையும் கொஞ்சமாகத்தான் காட்டுகிறார்கள். ஜிம்மியின் வீட்டுப் பணியாளாக வரும் லீ துங் ஃபூ, மேடைப் பாடகராக அமெரிக்கா முழுக்கச் சுற்றிப் பேர் வாங்கிய முன்னோடிக் கலைஞர். அவருக்கு இதிலும் பழைய நகைச்சுவை வேலைக்காரன் வேடம்தான். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாயகனுக்குக் கதவு திறந்த படம், அவருக்கும் கொஞ்சம் திறந்திருக்கலாம்.

மர்மம் என்று பார்த்தால்? துப்பறியும் கதை நிறையப் படித்தவர்கள் பாதியிலேயே ஓரளவு யூகித்துவிடுவார்கள். அதனால் சுவை குறையவில்லை.

வரவேற்பு இருந்திருந்தால் தொடர்ந்திருக்குமே, ஏன் ஒரே படத்தோடு நின்றது?

கீ லூக் ஜிம்மி வாங்காக இன்னொரு படம் நடிக்கவில்லை, மிஸ்டர் வாங் வரிசையே இதோடு முடிந்துவிட்டது. என் கணிப்பு இதுதான்: தியேட்டர்காரர்களுக்கு விற்பதற்கு கார்லாஃப் என்ற பெயர் போஸ்டரில் இல்லை. பி படத்தில் லாபம் மெல்லிய நூலில் தொங்குவது. பெயர் தெரிந்த முகம் இல்லாமல் ஒரு வரிசையை நிலைநிறுத்த இரண்டு மூன்று படமாவது பொறுமை வேண்டும். வறுமைத் தெருவில் யாருக்கும் அந்தப் பொறுமைக்கு வசதியில்லை.

எங்கே பார்க்கலாம்? பிரிண்ட் நன்றாக இருக்குமா?

அக்கால அமெரிக்கச் சட்டப்படி, 28-வது வருடத்தில் புதுப்பிக்காத படங்களின் பதிப்புரிமை காலாவதியாகிவிடும். சின்னக் கம்பெனிப் படங்கள் நிறைய இப்படிப் பொதுவுடைமை ஆகின. இந்தப் படமும் இணைய ஆவணக் களஞ்சியங்களிலும் யூடியூபிலும் இலவசமாகவே கிடைக்கிறது. தேடும்போது வருடத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

எல்லாப் பிரதியும் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றில் முகமே வெளுத்துப்போய்த் தெரியும், ஒலியில் கரகரப்பு இருக்கும். இரண்டு மூன்றைத் திறந்து, விரிவுரை அரங்கின் இருட்டில் முகங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அது நல்ல பிரதி. இயர்போன் போட்டுக்கொள்வது நல்லது, அந்த வாஷிங்டன் வசனம் கடகடவென்று ஓடிவிடும்.

கீ லூக் அப்புறம் என்ன ஆனார்?

நடித்துக்கொண்டே இருந்தார். அதே 1940-ல் 'கிரீன் ஹார்னெட்' தொடர்ப்படத்தில் கேட்டோவாக வந்தார். பிற்பாடு புரூஸ் லீ தொலைக்காட்சியில் செய்த அதே வேடம். 1958-ல் பிராட்வேயில் 'ஃபிளவர் டிரம் சாங்' இசை நாடகத்தில் தந்தை வேடம்.

1948-ல் மோனோகிராம் அவரைத் திரும்பக் கூப்பிட்டது, துப்பறிவாளராக அல்ல. 'தி ஃபெதர்ட் செர்ப்பன்ட்' என்ற சான் படத்தில் மறுபடியும் மூத்த மகன் லீ. அப்போது அவருக்கு 44 வயது. அப்பாவாக நடித்த ரோலண்ட் வின்டர்ஸ் பிறந்தது 1904 நவம்பர், கீ லூக் பிறந்தது அதே வருடம் ஜூன். அப்பாவைவிட மகன் ஐந்து மாதம் மூத்தவர். அடுத்த வருடம் 'ஸ்கை டிராகன்' படத்திலும் மகனாக வந்தார், சான் வரிசையும் அதோடு முடிந்தது.

1972-ல் 'தி அமேசிங் சான் அண்ட் தி சான் கிளான்' என்ற கார்ட்டூன் தொடர் தொலைக்காட்சியில் வந்தது. அதில் சார்லி சானுக்குக் குரல் கொடுத்தவர் கீ லூக். அமெரிக்கத் தயாரிப்பு ஒன்றில் சீன வம்சாவளியைச் சேர்ந்த ஒருவருக்கு அந்தப் பாத்திரம் கிடைத்தது அப்போதுதான். முதல் தடவை அவர் அந்த வீட்டு மகனாக வந்து 37 வருடம் ஆகியிருந்தது.